நாய் வளரும் வீட்டில் நாற்றம் ஏன்?

வீட்டுக்கு வரும் விருந்தினரின் கண்ணுக்கு முன்னர் அவருடைய மூக்கே உள்ளே நுழைந்துவிடுகின்றது. வாசலிற் காலணியைக் கழற்றும்போதே, சமையலறையில் என்ன பொரிகிறது, சுவாமி அறையிற் சாம்பிராணி புகைகிறதா, நனைந்த நாயொன்று எங்கேனும் படுத்திருக்கிறதா என்பவற்றை அவர் அறிந்துகொள்கிறார். அறியாதவர் ஒருவர் உண்டெனில், அவர் அவ்வீட்டிலேயே வசிப்பவர்தான். ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்குச் சில நிமிடங்களில் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடும். இது மூக்கின் குறையன்று, இயல்பு. ஆகவே நாய் வளர்க்கும் எவரும், "எங்கள் வீட்டில் வாடையே இல்லை" என்று தம் மூக்கைச் சாட்சிக்கு அழைத்தல் கூடாது. ஒரு மணி நேரம் வெளியே உலாவிவிட்டு வந்து, கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சையே சாட்சியாகக் கொள்ளுதல் வேண்டும்.

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி மனையொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கும் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். தாய், தந்தை, இரு புதல்வியர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மம்மா, இவர்களுடன் மணி என்னும் நாட்டு நாய். மூத்தவளுக்குப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. ஓர் ஐப்பசி மாத அடைமழையின்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாப்பிள்ளை வீட்டார் தெரிவித்திருந்தனர்.

"பிள்ளை, வீடு முழுக்க நாய் வெடில் அடிக்குது. வாற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகப் போகுது" என்றார் அம்மம்மா. தெரிந்தவர் எவரேனும் ஏற்பாராயின் அங்கே விடுவது, இல்லையேல் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தந்தையார் தீர்மானித்தார். எட்டாம் வகுப்பிற் படிக்கும் இளையவள் அன்றிரவு உணவு உண்ணவில்லை. தாயார் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

நாம் சென்றபோது அவ்வீட்டின் வாசலில் எம்மை எதிர்கொண்டது ஒரு மணமன்று, ஐந்து மணங்கள். ஊதுபத்தி, கற்பூரம், பினாயில், கடையில் வாங்கிய வாசனைத் தெளிப்பு, இவை நான்கிற்கும் அடியிலே நாயின் வாடை. அழுக்குத் துணியின்மேற் பட்டுச் சேலை உடுத்ததற்கு ஒப்பான காட்சி அது. நாற்றத்தை மறைப்பது வேறு, அகற்றுவது வேறு என்னும் உண்மையை எம்மவரிற் பலர் மறந்துவிடுகின்றனர். மறைத்தால் நாற்றம் போகாது, அது எங்கிருந்து வருகிறது என்னும் செய்தியே மறைந்துவிடும். அந்தச் செய்தி எத்துணை முக்கியமானது என்பதைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

நாயின் வாடை எங்ஙனம் உண்டாகிறது?

மனிதருக்கு வியர்வை உடலெங்கும் வடிகின்றது. நாய்க்கோ அத்தகைய வியர்வை பெரும்பாலும் பாதங்களின் அடியிலேயே சுரக்கின்றது. மற்றைய இடங்களிலெல்லாம் உரோமத்தின் வேர்களையொட்டி எண்ணெய்ப் பசையைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அந்தப் பசை உரோமத்துக்கு மினுமினுப்பையும் தோலுக்குப் பாதுகாப்பையும் கொடுப்பது. அது புதிதாக இருக்கும்போது பெரிதாக மணப்பதில்லை. தோலில் இயல்பாகவே வாழும் பற்றீரியாக்களும், மதுவம் எனப்படும் நுண்ணிய பூஞ்சண வகையும் அதனை உண்டு சிதைக்கும்போதே, எளிதில் ஆவியாகும் பொருள்கள் தோன்றி வாடையைத் தருகின்றன.

நனைந்த நாய் ஏன் அதிகம் மணக்கிறது என்று மாணவர்கள் வினவக்கூடும். உலர்ந்த உரோமத்தில் ஒட்டிக்கிடக்கும் மணப்பொருள்கள், நீர் பட்டதும் இளகி, அந்த நீர் ஆவியாகும்போது அதனுடன் சேர்ந்து காற்றிற் கலக்கின்றன. எனவே மழைநீர் புதிதாக நாற்றம் எதனையும் கொண்டுவருவதில்லை. உரோமத்தில் உறங்கிக்கிடந்ததை அது எழுப்பிவிடுகிறது, அவ்வளவே. நன்கு குளிப்பாட்டி உலர்த்தப்பட்ட நாய் மழையில் நனைந்தால் வாடை சிறிதாகவும், பல வாரங்களாகக் கவனிக்கப்படாத நாய் நனைந்தால் வாடை பெரிதாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இனி எமது கொழும்பு மாநகரின் காலநிலையை நோக்குவோம். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் வெப்பம். காற்றிலே ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல். ஆண்டுதோறும் 2,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை. நுண்ணுயிர்களுக்கு இதனினும் சிறந்த விருந்து வேறில்லை. குளிர்நாட்டிலே மாதம் ஒருமுறை கவனித்தாற் போதுமான நாயை, இங்கே வாரந்தோறும் கவனித்தல் வேண்டும். வெளிநாட்டு நூல்களிற் கூறப்படும் முறைகளை அப்படியே கைக்கொண்டு, "பயனில்லையே" என்று சலிப்போர் இதனை மனத்திற்கொள்ளுதல் நன்று.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

நாய் வளர்ப்பதில் இவ்விரு பகுதிகளும் இருவேறு சிக்கல்களை உடையன. வெள்ளவத்தையிலே ஒருகாலத்தில் முற்றமும் கிணறும் உள்ள தனி வீடுகள் நிறைந்திருந்தன. அவற்றுட் பல இன்று தொடர்மாடி மனைகளாக உயர்ந்துவிட்டன. முற்றத்திற் படுத்த நாய் இப்போது செற்றியின் அருகிற் படுக்கின்றது. அதற்குரிய வெளியிடமாகப் பல்கனி ஒன்றே எஞ்சியுள்ளது. அங்கே நாய் சிறுநீர் கழிக்க, வீட்டார் வாளி நீரை ஊற்றிக் கழுவ, அந்நீர் கீழ்மாடியார் காயப்போட்ட துணியில் வடிய, அயலவரின் நட்பே முறிந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம்.

கொட்டாஞ்சேனையிலோ, புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்தும் ஜெம்பட்டா வீதியை அண்டியும் பழைய வீடுகள் இன்னும் நெருங்கி நிற்கின்றன. பக்கத்து வீட்டின் சுவரே எம் வீட்டின் சுவராகவும் அமைவதுண்டு. முன்புறம் வீதி, பின்புறம் சிறிய சீமெந்து முற்றம். அந்த முற்றத்திலேதான் நாய் கட்டப்படும். வெயில் குறைவாக விழும் அச்சீமெந்துத் தரை, ஆண்டுக்கணக்கான சிறுநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும். மழைக்கால ஈரம் ஏறியதும் பழைய நாற்றம் மீண்டும் எழும்.

ஆகவே வெள்ளவத்தை வாசி முதலிற் கவனிக்கவேண்டியது துணிகளையும் காற்றோட்டத்தையும். கொட்டாஞ்சேனை வாசி முதலிற் கவனிக்கவேண்டியது தரையையும் வடிகானையும்.

முதலில் நாயைப் பாருங்கள்

வீட்டைக் கழுவுமுன் நாயைச் சோதித்தல் வேண்டும். இதற்கு வேண்டியவை நல்ல வெளிச்சமும் பத்து நிமிடமுமே. காதில் தொடங்குக. மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆரோக்கியமான காதில் வாடை மிகக் குறைவு. புளித்த நாற்றமும், மண்ணிறமான மெழுகு போன்ற கசிவும் காணப்பட்டால் அங்கே மதுவமோ பற்றீரியாவோ அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்பது பொருள். அடுத்து வாய். மூன்று வயது கடந்த நாய்களிற் பெரும்பாலானவற்றுக்கு முரசு நோய் ஏதோவோர் அளவில் உண்டு. நாய்க்கென விற்கப்படும் பற்பசையினாற் பல்லைத் துலக்கிப் பழக்குவது நன்று. மனிதருடைய பற்பசையை நாய் விழுங்குதல் தீங்கானது. மூச்சிலே அமோனியா வாடை அடித்தாற் சிறுநீரக நோயையும், பழம் அழுகியது போன்ற இனிப்பு வாடை அடித்தால் நீரிழிவையும் ஐயுறுதல் வேண்டும்.

மலவாயிலின் இருபுறத்தும் இரு சிறு பைகள் உள்ளன. அவை அடைபட்டால் மீன் வாடை போன்றதொரு கடும் நாற்றம் வீசும். நாய் தன் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்துச் செல்வது இதன் அறிகுறி. அடுத்து, விரல்களின் இடுக்கிலும் அக்குளிலும் தோல் சிவந்திருக்கிறதா, உரோமம் உதிர்ந்திருக்கிறதா, உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுள் எதனைக் கண்டாலும் சவர்க்காரத்தையோ வாசனைத் திரவியத்தையோ நாடாது மிருக வைத்தியரை நாடுக.

மணியின் காதை நாம் தூக்கிப் பார்த்தபோது விடயம் விளங்கிவிட்டது. இடது காது வீங்கி, உட்புறம் சிவந்து, தொட்டதும் அது முனகிற்று. சில வாரங்களாக அது அடிக்கடி தலையை உதறிக்கொண்டிருந்தது என்றும், அதனை விளையாட்டென்று நினைத்திருந்தோம் என்றும் இளையவள் கூறினாள். வீட்டார் முகம் வாடிற்று. நோயுற்ற பிராணி ஒன்று தன் நோயைச் சொல்வதற்கு வேறு வழியின்றி நாற்றத்தினாற் சொல்லிக்கொண்டிருந்தது. அதனையே குற்றமாகக் கொண்டு அதனைக் கடற்கரையில் விடத் துணிந்திருந்தோம் என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

"வைரவற்றை வாகனத்தையல்லே வீதியிலை விடப் பாத்தம்" என்று அம்மம்மா மெல்லச் சொன்னார். மறுநாட் காலை மணி வைத்தியரிடம் சென்றது. காதுக்கு மருந்தும், மூன்று வாரச் சிகிச்சையும் விதிக்கப்பட்டன.

குளிப்பாட்டும் முறை

எமது நாட்டில் நாயைக் குளிப்பாட்டுவதிற் கைதேர்ந்தவர் பலருண்டு. ஆயினும் உலர்த்துவதில் அவர்களுட் பலர் தவறிவிடுகின்றனர். குளியலின் பயன் முழுவதும் உலர்த்துவதிலேயே தங்கியுள்ளது.

முதலிற் சீப்பினாலோ தூரிகையினாலோ உதிர்ந்த உரோமத்தை வாரி எடுத்துவிடுக. இல்லையேல் அது நீரிற் சிக்கிக் கட்டியாகி, அடியில் ஈரத்தைத் தேக்கி வைக்கும். காதின் வாயிலிற் சிறிது பஞ்சை வைத்து நீர் புகாமற் காக்கவும். பஞ்சை ஆழமாகத் திணிக்கலாகாது. இளஞ்சூட்டு நீரால் தோல்வரை நனைத்து, நாய்க்கென்றே செய்யப்பட்ட கழுவு திரவத்தைத் தேய்க்கவும். எமது தோல் சிறிது அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் ஏறத்தாழ நடுநிலையானது. எமது தோலினும் மெல்லியது. ஆதலால் நாம் பூசும் சவர்க்காரமும், துணி தோய்க்கும் சவர்க்காரமும் அதற்கு ஒவ்வா. வரண்டு வெடித்த தோலிலே நுண்ணுயிர்கள் இன்னும் எளிதாகக் குடியேறும். அடிக்கடி குளிப்பாட்டியும் நாற்றம் கூடுகிறதே என்று கூறுவோர் பயன்படுத்தும் சவர்க்காரத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

நுரை முற்றாக நீங்கி நீர் தெளிவாக வடியும்வரை அலசுக. பின்னர் இரண்டு துவாய்கள் வேண்டும். முதலாவது நீரை ஒற்றி எடுக்க; இரண்டாவது ஈரத்தைத் துடைக்க. அதன்பின் மின்விசிறியின் கீழோ, காற்றோட்டமுள்ள இடத்திலோ, தோல்வரை உலரும் மட்டும் வைத்திருத்தல் வேண்டும். கழுத்துப் பட்டியையும் கழற்றித் தோய்த்து உலர்த்துக. பலர் நாயைக் கழுவிவிட்டு அதே அழுக்குப் பட்டியை மீண்டும் கட்டுகின்றனர்.

ஆரோக்கியமான நாய்க்கு எமது காலநிலையில் இரண்டு தொடக்கம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை முழுக் குளியல் போதுமானது. இடைநாட்களில் நாளாந்தம் வாரிவிடுவதும், வெளியிலிருந்து வந்ததும் பாதங்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதும் பெரும் பயன் தரும். வெள்ளவத்தைக் கடலில் நாயை இறங்கவிடும் அன்பர்கள், வீடு திரும்பியதும் அதனை நன்னீரால் அலசுதல் அவசியம். உப்பும் மணலும் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

படுக்கையும் துணியும்

வீட்டு நாற்றத்தின் தலைமையகம் பெரும்பாலும் நாயின் படுக்கையே. சாக்கு எளிதில் உலராது. பழைய பருத்திச் சேலையையோ சாரத்தையோ பல மடிப்பாக மடித்துத் தைத்து, இரண்டு படுக்கைகள் செய்துகொள்க. ஒன்று பயன்படும்போது மற்றது தோய்க்கப்பட்டு வெயிலிற் காயட்டும். வாரம் ஒருமுறை வெந்நீரிற் தோய்த்தல் வேண்டும். வெயில் இல்லாத மாதங்களில் மின்விசிறியின் கீழ் உலர்த்தி, இறுதியாக மின்னழுத்தியால் அழுத்திவிடலாம். அரைகுறையாக உலர்ந்த துணியை விரிப்பதைவிட வெறுந்தரையே மேல்.

செற்றி உறை, யன்னல் திரையின் கீழ்நுனி, கால்மிதி ஆகியவற்றையும் மறத்தலாகாது. இன்னுமோர் இடம் உண்டு. நாய் வழமையாக நடக்கும் பாதையிற் சுவரிலும் கதவு நிலையிலும், அதன் உடல் உராயும் உயரத்திலே, மங்கிய மண்ணிறக் கோடொன்று காணப்படும். அது எண்ணெய்ப் பசையும் தூசும் சேர்ந்த படலம். மணியின் வீட்டில் அக்கோடு வாசலிலிருந்து சமையலறைவரை சென்றது. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் அதனைத் துடைத்தபோது வீட்டின் வாடையிற் பெரும்பகுதி நீங்கிற்று என்றாற் பலர் நம்பமாட்டார்கள்.

சிறுநீரின் இரசாயனம்

சிறுநீரிலே யூரியா என்னும் பொருள் உண்டு. பற்றீரியாக்கள் அதனை அமோனியாவாக மாற்றுகின்றன. சில மணி நேரம் சென்றபின்னரே நெடி ஏறுவதன் காரணம் இதுவே. ஆகவே விரைவே முதல் மருந்து. உடனே பழந்துணியால் ஒற்றி எடுக்கவும். தேய்த்தால் அது தரையின் இடுக்குகளிற் பரவும். பின்னர்ச் சவர்க்கார நீரால் கழுவி அலசவும்.

அமோனியா காரத்தன்மை உடையது. வினாகிரி அமிலத்தன்மை உடையது. ஒரு பங்கு வினாகிரியை ஒரு பங்கு நீருடன் கலந்து அவ்விடத்திற் பூசினால், இரண்டும் சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறிவிடும், நெடி அடங்கும். பத்து நிமிடத்தின் பின் நீரால் அலசுக. இது ஓடு பதித்த தரைக்கு ஏற்றது. பளிங்குக் கல்லையும் மெருகூட்டிய சீமெந்தையும் வினாகிரி அரிக்கும். அங்கே சவர்க்கார நீரும் பல தடவை அலசுதலுமே பொருத்தம்.

புளித்த வாடை வீசும் துணி, மெத்தை ஆகியவற்றுக்கு மறுமருந்து அப்பச்சோடா. அந்த வாடைக்குக் காரணமான கொழுப்பமிலங்களை அது நடுநிலையாக்கும். உலர்ந்த மெத்தையில் மெல்லியதாகத் தூவிச் சில மணி நேரத்தின் பின் முற்றாகத் தட்டி எடுத்துவிடுக. நாய் அதனை நக்காதவாறு பார்த்துக்கொள்ளவும். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குவது கண்ணுக்கு அழகாயிருக்கும். ஆனால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். தனித்தனியே பயன்படுத்துதலே அறிவுடைமை.

சீமெந்தில் ஊறிப்போன பழைய கறைக்கு, நொதியம் கலந்த துப்புரவுத் திரவங்கள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றை ஊற்றி, உடனே துடைக்காது, குறிப்பில் உள்ள நேரம்வரை ஊறவிடுதல் வேண்டும். நாயின் மூக்கிலே மணம் அறியும் கலங்கள் 20 கோடிக்கும் அதிகம். எமது மூக்கிலோ ஏறத்தாழ 50 இலட்சமே. எமக்குத் தெரியாத எச்சம் அதற்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தால் அதே இடத்திற்கே மீண்டும் செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுநீர் உள்ள இடத்தில் வெளிற்றும் குளோரீன் திரவத்தை ஊற்றலாகாது. அது அமோனியாவுடன் சேர்ந்து நச்சுவாயுவை உண்டாக்கும். வினாகிரியுடன் சேர்ந்தாலும் நச்சுவாயு தோன்றும். காற்றோட்டமற்ற சிறிய குளியலறையில் இது பேராபத்தாகும். சிறுநீரைத் துப்புரவு செய்யும்போது இறப்பர்க் கையுறை அணிதல் நன்று. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி நாயின் சிறுநீரிலும் இருக்கக்கூடும். மலத்தை அன்றன்றே அகற்றுக. அதிலுள்ள வட்டப்புழுவின் முட்டைகள் நோயைத் தொற்றவைக்கும் நிலையை அடையச் சில வாரங்கள் செல்லும். அதற்குமுன் அகற்றிவிட்டாற் குழந்தைகளுக்குப் பயமில்லை.

காற்றும் கரியும்

பகலிற் கடலிலிருந்து தரையை நோக்கியும், இரவிற் தரையிலிருந்து கடலை நோக்கியும் காற்று வீசுவது கரையோரத்தின் இயல்பு. வெள்ளவத்தையில் வசிப்போர் இச்செல்வத்தைப் பயன்படுத்துவதில்லை. காலையில் எதிரெதிரான இரு யன்னல்களை அரை மணி நேரமாவது திறந்துவைத்தால், எந்த வாசனைத் தெளிப்பும் செய்யாத வேலையைக் காற்று செய்துவிடும். ஒரு யன்னலை மட்டும் திறத்தல் போதாது. உள்ளே வரும் காற்றுக்கு வெளியேறவும் வழி வேண்டும். கொட்டாஞ்சேனை வீடுகளில் முன்கதவையும் பின்முற்றக் கதவையும் ஒருசேரத் திறக்கலாம்.

காலணி அலுமாரி போன்ற சிறிய மூடிய இடங்களுக்குச் சிரட்டைக்கரி உதவும். கரியினுள் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. மணப்பொருள்கள் அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். முதலாம் உலகப் போரின்போது நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்குள் தேங்காய்ச் சிரட்டைக்கரி இடப்பட்டது. இன்று இலங்கை சிரட்டையிலிருந்து உயிர்ப்புக் காபனைத் தயாரித்து உலக நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றது. அதன் ஒரு கிராமினுள் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் பரப்பு அடங்கியிருக்கும் என்பது மாணவர்கள் வியக்கத்தக்க செய்தி. வீட்டில் எரித்த சாதாரண கரிக்கு அத்துணை ஆற்றல் இல்லையெனினும் ஓரளவு பயன் உண்டு. துளையிட்ட தகரப் பேணியில் இட்டு, நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுக.

தவிர்க்கவேண்டியவை

பினாயிலும் அதன் இனத்தைச் சேர்ந்த கிருமிநாசினிகளும் நாயின் பாதத்தைச் சுடக்கூடியன, நக்கினால் நஞ்சு. கற்பூரமும், அலுமாரியில் வைக்கும் பூச்சி உருண்டையும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. செறிந்த வாசனை எண்ணெய்களை நாயின் உடலிற் பூசுவதும் தீங்கானது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் சுவாமி அறையில் தம் பணியைச் செய்யட்டும். நாயின் வாடையை மறைக்கும் பணியை அவற்றிடம் ஒப்படைத்தல் வேண்டாம்.

உணவிலும் கவனம் தேவை. எஞ்சிய கறிச்சோற்றை நாய்க்கு இடுவது எம்மவர் வழக்கம். உறைப்பும் எண்ணெயும் வயிற்றைக் கெடுத்து வாயுவை உண்டாக்கும். வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதியையே பாதிப்பன. உண்ட கோப்பையை ஒவ்வொரு வேளையும் கழுவுதல் வேண்டும். கழுவாத கோப்பையும் வீட்டை நாறச்செய்யும்.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுதல்

எத்துணை நல்ல முறையாயினும், வேலை முழுவதும் தாயொருத்தியின் தலையில் விழுமாயின் ஒரு மாதத்தில் அது கைவிடப்படும். மணியின் வீட்டில் நாம் எழுதிக் கொடுத்த ஒழுங்கு இன்றும் சமையலறைச் சுவரில் உள்ளது. நாளாந்தம் வாரிவிடுதலும் பாதம் துடைத்தலும் இளையவள் பொறுப்பு. காலையில் யன்னல் திறப்பது அம்மம்மா. சனிக்கிழமை தோறும் படுக்கை தோய்ப்பதும் காதைச் சோதிப்பதும் மூத்தவளும் தாயும். பல்கனியைக் குறைந்த நீரிற் துடைத்து எடுப்பதும், காலையும் மாலையும் நாயை வெளியே அழைத்துச் செல்வதும் தந்தை. வெளியே செல்லும்போது ஒரு பையைக் கையில் எடுத்துச் சென்று, மலத்தை அள்ளி வருவதும் அவர் கடமை. எமது வீட்டின் துப்புரவை ஒழுங்கையில் உள்ளோரின் தலையிற் கட்டுவது நாகரிகமாகாது.

நாய் வளர்ப்பது இந்நாட்டிலே சட்டத்துக்கும் உட்பட்ட செயல். நீர்வெறுப்பு நோயைத் தடுக்கும் சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவது வளர்ப்போர் கடமை. வீதியில் விடப்படும் வீட்டு நாய் ஊசியின்றி, உணவின்றி, வாகனங்களுக்கிடையே அலைந்து, தானும் துன்புற்றுப் பிறரையும் துன்புறுத்தும். வாடைக்காக நாயைத் துரத்துவோர், ஒரு வீட்டின் சிறு தொல்லையை ஓர் ஊரின் பெருந் தொல்லையாக மாற்றுகின்றனர்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தனர். நாமும் ஒரு மூலையிற் கதிரை போட்டு அமர்ந்திருந்தோம். யன்னல்கள் திறந்திருந்தன, கடற்காற்று வீசிற்று. வடையும் தேநீரும் பரிமாறப்பட்டன. அரை மணி நேரம் சென்றபின், உள்ளறைக் கதவு சற்றே திறந்திருந்த வேளை, மணி மெல்ல வந்து எட்டிப் பார்த்தது. "அட, நாயும் நிக்குதே! வாசலிலை வரேக்கை தெரியேல்லையே" என்றார் மாப்பிள்ளையின் தாயார். இளையவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பேச்சுக்கால் பின்னர் எவ்வாறு முடிந்தது என்பது இக்கட்டுரைக்கு உரியதன்று. மணியின் காது முற்றாக ஆறிற்று என்பதை மட்டும் கூறிவைப்போம்.

பேசத் தெரியாத பிராணிக்கு நாற்றமும் ஒரு மொழியே. மூக்கைப் பொத்துமுன், அது என்ன சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.